மஞ்சள் தகரத்தின் மறுபாதி

மே 4

என் பெயர் தார்யோ. இதை நானே எழுதினேன்.

மே 5

நேற்று எழுதியதை இன்று காலை திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. பேசியது அன்றோடு போய்விடும். எழுதியது எங்கேயும் போவதில்லை. சுமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு வரிக்கு அரை மணி நேரமா? அதுக்குள்ள நான் ஒரு வரப்பு களை எடுத்திருப்பேன்" என்றாள். என் மனைவி எப்போதும் இப்படித்தான்.

மே 9

மழை. இன்று கொஞ்சம் அதிகமாக எழுதப் போகிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. எங்கள் ஊர் கலிசாத், ஜாவாவின் நடுவில் ஓர் உயர்ந்த மேட்டில் இருக்கிறது. எப்போதோ வெடித்து அடங்கிய எரிமலையின் வாய்க்குள்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்கிறார்கள். மண் கறுப்பு. சில இடங்களில் தரையிலிருந்து புகை வரும். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் நன்றாக விளையும்.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் பள்ளிவாசல் பக்கத்து அறையில் எண்டாங் இபு எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். இபு என்றால் அம்மா. ஆனால் அவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நான்கு வருடம் முன்பு இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர். மாணவர்கள் பதினொரு பேர். பதினொரு தலையும் வெள்ளை. போன வாரம் எனக்கு இந்த நோட்டைக் கொடுத்து, "தினமும் ஒரு வரி எழுதுங்க ம்பா" என்றார். ம்பா என்றால் தாத்தா.

கை வலிக்கிறது. ஆனால் நிறுத்த மனமில்லை.

மே 14

மண்வெட்டிக் காம்பில் என் பெயரை எழுதினேன். கூடையில் எழுதினேன். விதைக் கொட்டகைக் கதவில் கரியால் பெரிதாக எழுதினேன். "அடுத்தது என் நெத்தியா?" என்றாள் சுமினா.

உர மூட்டை என்ன சொல்கிறது, பூச்சி மருந்துப் புட்டி என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் படிக்கிறேன். இருபது வருடமாக என் கண்முன் இருந்தவை எல்லாம் திடீரென்று வாய் திறந்துவிட்டன. புட்டியில் 'கையுறை அணியவும்' என்று இருக்கிறது! நான் அதை வெறுங்கையால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மாலை முஞ்சியா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தோம். இந்தக் குளிரில் யாரும் விருந்தாளியை முன்னறையில் உட்கார வைப்பதில்லை. நேரே அடுப்படிக்குத்தான் அழைப்பார்கள். அடுப்பைச் சுற்றிக் குட்டைப் பலகைகள், இனிப்புத் தேநீர், பொரித்த தெம்பே என்கிற சோயாக் கட்டி. முஞ்சியாவின் கணவன் சர்வின் என் நண்பன். இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவன் போன பிறகும் நான் அந்த அடுப்படிக்குப் போவதை நிறுத்தவில்லை. அவள் என்னைக் காங் என்பாள். அண்ணன் என்று அர்த்தம்.

அவள் மகளை மணந்து வந்திருக்கும் வாகிமான் நல்ல உழைப்பாளி. இன்று அவன் சொன்னான்: "பள்ளத்து வயல் ஏழு வருஷமா சும்மா கிடக்கு. இந்தப் பட்டத்துல கிழங்கு போடப் போறேன்."

சர்வின் இறந்தது அந்த வயலில். பிறகு முஞ்சியாதான் சொன்னாள்: "மண்ணு என்ன பண்ணும்? போடு." அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். நான் தேநீரைக் குடித்தேன்.

மே 19

இன்று பெரிய நாள்.

வாகிமானுக்கு விதைக்கிழங்கு எடுத்துக் கொடுக்கக் கொட்டகையைத் திறந்தேன். உள்ளே இருட்டு. கதவு வழியாக வெயில் விழுந்த இடத்தில் பின்சுவரின் மஞ்சள் தகரம் தெரிந்தது. அதில் எழுத்து! அவனை அனுப்பிவிட்டு மூட்டைகளைத் தள்ளி உட்கார்ந்தேன். யாரும் துணை இல்லை. விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். மதியத் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குள் படித்துவிட்டேன்.

கவனம்! காற்று இல்லாத விடியற்காலையில்

அவ்வளவுதான். அதற்குக் கீழே தகரம் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டியது நான்தான்.

எட்டு வருடம் முன்பு ஊர்த் தலைவர் தேர்தல் நடந்தது. அப்போது எங்கே பார்த்தாலும் வேட்பாளர் பலகைகள். தேர்தல் முடிந்ததும் அவற்றை யார் வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம். அது எங்கள் ஊர் வழக்கம், திருட்டு அல்ல. கோழிக் கூண்டுக்கு ஒருவர், கழிப்பறைக் கதவுக்கு ஒருவர் என்று எடுத்துப் போனார்கள். எல்லாம் மெல்லிய தகரம். ஆனால் பள்ளத்து வயலுக்கு இறங்கும் படியருகே ஒன்று இருந்தது. கனமான தகரம், இரும்புக் கால். அதை நானும் சர்வினும் கழற்றினோம். "எந்த மடையன் இவ்வளவு நல்ல தகரத்துல ஓட்டு கேட்டான்?" என்று சர்வின் சிரித்தான். ஆளுக்குப் பாதி. தோற்றவன் பெயரை வெளியே காட்டி வம்பு எதற்கு என்று எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பி அடித்தோம்.

துணையில்லாமல் நான் படித்த முதல் வாசகம் அது. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மே 20

வகுப்பில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். எண்டாங் இபு மட்டும், "எந்த வேட்பாளர் ம்பா விடியற்காலையில் கவனம்னு எழுதுவார்?" என்றார்.

"காலையில சீக்கிரம் ஓட்டுப் போட வரச் சொல்லியிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மீதிப் பாதி எங்கே இருக்கு?"

தெரியாது என்றேன்.

மே 21

மீதிப் பாதி முஞ்சியாவின் அடுப்படியில் இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால், மரச்சுவர் தீப்பிடிக்காமல் இருக்க சர்வின் அடித்தது.

ஜூன் 2

முழங்கால் வலி. முஞ்சியா வீட்டுக்குப் போகவில்லை.

ஜூன் 6

முழங்கால் வலி.

ஜூன் 11

கோசுக்கு உரம் வைத்தேன். இரண்டு கூடை புல் அறுத்தேன். ஒன்பது வரப்பு மண் அணைத்தேன். சுமினா கேட்டாள்: "மேட்டு வயலுக்கு மூணு தடவை ஏறுற முழங்கால், பக்கத்து வீட்டுக்கு மட்டும் நடக்காதா, பாக்?"

பாக் என்றால் அப்பா. வயதான கணவனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எண்டாங் இபு கொடுத்த பாடத்தை எழுதினேன். 'ஆடு புல் மேய்கிறது.' ஆறு முறை எழுதினேன்.

ஜூன் 23

போனேன். எத்தனை நாள்தான் போகாமல் இருப்பது?

வழக்கமான பலகையில் உட்கார்ந்தேன். தகரம் எனக்கு நேர் எதிரே. எட்டு வருடப் புகைக்கரி, தாரைப் போலக் கெட்டியாக. அதன்மேல் வாணலிகளும் கரண்டிகளும் தொங்குகின்றன. சட்டியின் விளிம்பு உரசிய ஓர் இடத்தில் மட்டும் மஞ்சள் தெரிகிறது. அங்கே ஒரு சொல்லின் பாதி இருந்தது.

"என்ன காங், சுவரையே பார்க்குறீங்க? கண்ணு தெரியலையா?" என்றாள் முஞ்சியா.

"வாணலி கோணலா தொங்குது."

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதும் என் வாணலிக்குக் குறை சொல்ல வந்துட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பள்ளத்து வயலில் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டதாம். வாகிமானுக்கு முகம் எல்லாம் பல். ஊரிலேயே அதுதான் நல்ல பயிர். ஏழு வருடம் ஓய்ந்த மண் அல்லவா?

தெரிந்த பாதிச் சொல் 'இறங்க' என்று இருந்தது.

ஜூலை 1

இன்று வேறு எதையாவது எழுத நினைத்து உட்கார்ந்தேன். வரவில்லை. ஆகவே சர்வின் இறந்ததை எழுதுகிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் மாதக் குளிரில் எங்கள் மேட்டில் உறைபனி விழும். அதை நாங்கள் விஷப்பனி என்போம். கிழங்கு இலைமேல் உப்புத் தூவியதுபோல வெள்ளையாகப் படியும். அப்படியே வெயில் பட்டால் இலை வெந்து கறுத்துவிடும், பயிர் போச்சு. அதனால் சூரியன் வருவதற்கு முன்பே போய்த் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவ வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் எல்லாரும் அவரவர் வயலில் இருந்தோம். என் வயல் மேலே, அவனுடையது கீழே. பள்ளத்து வயல் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். பழைய எரிமலை வாய் அது.

"சர்வின், முடிஞ்சுதா?" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வெயில் ஏறிக் காற்று வீசிய பிறகுதான் இறங்கிப் போனேன். பாத்திக்குள் குப்புறக் கிடந்தான். கையில் பூவாளி. முகத்தில் வலியே இல்லை. பக்கத்தில் இரண்டு சிட்டுக்குருவி செத்துக் கிடந்தன. குளிரில் செத்தன என்றோம். சர்வினுக்கு நெஞ்சில் காற்று உட்கார்ந்துவிட்டது என்றோம். எங்கள் ஊரில் திடீரென்று செத்தவர் எல்லாருக்கும் அதுதான் காரணம்.

பலகையைக் கழற்றியபோது தகரத்தின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவன் பிடித்தான்.

இதற்குமேல் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.

ஜூலை 9

குளிர் கூடிவிட்டது. வாகிமானை வழியில் பார்த்தேன்.

"தம்பி, பனி விழுந்தா வெயிலுக்கு முன்னாடி பள்ளத்துல இறங்காதே."

"அப்புறம் எப்போ இறங்குறது? இலை கறுத்தப்புறம் பார்த்து அழறதுக்கா?"

"இந்த ஒரு வருஷம் போகட்டும்."

"ஏன் ம்பா?"

சொல்லியிருக்கலாம். வழியில் வேறு யாரும் இல்லை. "அங்கே குளிர் அதிகம்" என்றேன். அவன் சிரித்தான். "மாமனார் அங்க செத்ததால பயப்படுறீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஜூலை 14

முதல் உறைபனி. மெல்லிய காற்று இருந்தது. வாகிமான் விடியும் முன்பே இறங்கி, பனி படிந்த பாதி வயலைக் கழுவிவிட்டு ஏறி வந்தான். வந்தவன் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தலை சுத்துது ம்பா. கால் ரெண்டும் துணி மாதிரி துவண்டு போச்சு."

சுமினா அவனைக் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, நாணயத்தால் முதுகைச் சுரண்டினாள். உடம்பில் புகுந்த காற்றை வெளியேற்ற நாங்கள் செய்யும் வைத்தியம் அது. முதுகு முழுக்கச் சிவப்புக் கோடுகள். "பாருங்க, எவ்வளவு காத்து உள்ளே!" என்றாள். தேநீர் குடித்ததும் தெளிந்துவிட்டான். நாளைக்கும் பனி விழுந்தால் இறங்க வேண்டும் என்றான்.

அவன் முதுகுக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போன பிறகும் அவை என் கண்ணில் இருந்தன.

ஜூலை 15

இன்று பனி இல்லை. மேகம். முஞ்சியாவும் மகளும் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அடுப்படிக்குள் போனேன். எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வாணலிகளை இறக்கினேன். சாம்பலும் ஈரத்துணியும் வைத்துத் தேய்த்தேன். பிறகு வாணலிகளை இருந்தபடியே மாட்டினேன். கோணலாக இருந்ததைக் கோணலாகவே.

இரண்டு பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கவனம்! காற்று இல்லாத விடியற்காலையில்
இந்தப் பள்ளத்தில் இறங்காதீர்கள். விஷவாயு தேங்கும்.
தாழப் பிடித்த விளக்கு அணைந்தால் உடனே திரும்புங்கள்.

எட்டு வருடமாக இதன் எதிரே உட்கார்ந்து கை காய்ந்திருக்கிறேன்.

ஜூலை 16

வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது. எல்லா வீட்டுப் புகையும் நூல் பிடித்தது போல நேராக மேலே போகிறது. நாளை விடியும்போது பனி நிச்சயம், காற்று இருக்காது.

சுமினாவிடம் சொன்னேன். இந்த நோட்டையே படித்துக் காட்டினேன். அவள் நோட்டை வாங்கி மூடினாள்.

"முஞ்சியாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"எப்படிச் சொல்றது? அவ முகத்தைப் பார்த்து எப்படி..."

"ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்துக்கிட்டு இன்னொருத்தன் குப்புறக் கிடக்கிறதைப் பார்க்கணுமா?"

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் முஞ்சியா வீட்டுக்குப் போனேன். அடுப்படி நிறைய ஆள். நல்ல விளைச்சலுக்காக நாளை மறுநாள் ஊருக்குச் சோறு போடப் போகிறார்களாம். பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். முஞ்சியா எனக்கு இடம் ஒதுக்கி, "வாங்க காங், இன்னைக்கு அடுப்பு நல்லா எரியுது" என்றாள். ஏழு வருடத்தில் அவளை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை.

தேநீர் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். மாட்டுக் கயிறும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 17

மெதுவாக எழுதுகிறேன்.

விடிகாலை சுபுஹ் தொழுகைக்குக்கூட நிற்காமல் போய்ப் பள்ளத்து வயலின் படியில் உட்கார்ந்தேன். கிண்ணம் முழுக்க வெள்ளை. ஒரு புல்கூட ஆடவில்லை. வாகிமான் முதுகில் தெளிப்பானோடு வந்தான்.

"தள்ளுங்க ம்பா, கிழக்கே வெளுத்துடுச்சு."

"இதை மட்டும் பாரு." விளக்கைக் கயிற்றில் கட்டிப் படியோரமாகக் கீழே இறக்கினேன். மூன்றாவது படி வரை நன்றாக எரிந்தது. ஐந்தாவது படியில் சுடர் சுருங்கியது. பிறகு யாரோ விரலால் கிள்ளியது போல அணைந்தது.

"எண்ணெய் இல்லை."

மேலே இழுத்து, ஆட்டிக் காட்டினேன். எண்ணெய் தளும்பியது. மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடி அதே இடத்தில் அணைந்தது.

"பனிக்காத்து அணைச்சிருக்கும். விளையாட இதுவா நேரம்?" அவன் குரல் மாறிவிட்டது. "என் பயிர் ம்பா! இத்தனை மாச உழைப்பு!" என்னை ஒதுக்கிவிட்டு இறங்கினான். ஒரு படி. இரண்டு படி. நான் தெளிப்பானின் வாரைப் பிடித்தேன். அவன் இழுத்தான். முழங்கால் மடங்கி விழுந்தேன், ஆனால் வாரை விடவில்லை. மூடி திறந்து தண்ணீர் முழுவதும் என்மேல் கொட்டியது. பற்கள் கிடுகிடுவென்று ஆடின.

"உன் மாமனார் நெஞ்சுல காத்து உட்கார்ந்து சாகலை" என்று கத்தினேன். "நான் சொல்றதைக் கேளு! நீயே விளக்கைப் பிடிச்சுக் குனிஞ்சு பாரு. அணைஞ்சா திரும்பி வா. அணையலைன்னா போ, நான் தடுக்கலை."

அவன் என்னைப் பார்த்தான். விளக்கை ஏற்றிக்கொண்டு குனிந்து, கையைத் தாழ்த்தியபடி ஒரு படி இறங்கினான். இன்னொரு படி. நான் வாரைப் பிடித்தபடியே இருந்தேன். அவன் முழங்காலுக்குக் கீழே சுடர் அணைந்தது. அவன் அசையாமல் நின்றான். பிறகு பின்னோக்கி, ஒவ்வொரு படியாக, வயலைப் பார்த்தபடியே ஏறி வந்தான்.

இரண்டு பேரும் மேட்டில் உட்கார்ந்தோம். சூரியன் வந்தது. வெள்ளை முழுவதும் பளபளத்தது, பிறகு சொட்டியது. முதல் வெயில் பட்ட வரிசையிலிருந்து இலைகள் கறுக்க ஆரம்பித்தன. வெந்த கீரை போலத் தொங்கின. அவன் அழுதான். ஊரிலேயே நல்ல பயிர்.

பிறகு கேட்டான்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வா. உன் மாமியார் முன்னாடி சொல்றேன்."

முஞ்சியா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் வாணலிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தேன். அவள் என் ஈரச் சட்டையைப் பார்த்தாள், மருமகனின் முகத்தைப் பார்த்தாள். நான் தகரத்தில் விரல் வைத்துப் படித்தேன். மேல்பாதி என் கொட்டகையில் இருக்கிறது என்று அதையும் சொன்னேன். எங்கே இருந்து கழற்றினோம், எப்போது கழற்றினோம் என்று சொன்னேன். சர்வின் மறு முனையைப் பிடித்தான் என்பதைச் சொல்லவில்லை.

அவளுக்கும் படிக்கத் தெரியாது.

"மறுபடி படிங்க" என்றாள்.

படித்தேன்.

"விளக்கு பத்தின இடம். அதை மட்டும்."

படித்தேன்.

"எங்க வீட்டுல விளக்கு இருந்துச்சு. ஆணியில தொங்கிட்டே இருந்துச்சு." பிறகு, "எப்போ படிச்சீங்க?"

"மேல்பாதியை மே மாசம். இதை முந்தாநேத்து."

"மே மாசம்." அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். "இவன் விதைக்குறதுக்கு முன்னாடி."

"ஆமா."

அவள் எழுந்து, எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அந்த அடுப்பு காலையில் அணைந்து நான் பார்த்ததே இல்லை. "வீட்டுக்குப் போங்க" என்றாள். காங் என்று சொல்லவில்லை.

ஜூலை 18

ஊர்ச் சோறு நடக்கவில்லை.

ஜூலை 24

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. எண்டாங் இபு வீட்டுக்கே வந்தார். மலையைக் கவனிக்கிற அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார், நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதாகச் சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். இரண்டு நாள் ஆனது. நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

ஆகஸ்ட் 3

வாகிமான் வந்தான். தோளில் முஞ்சியா வீட்டுத் தகரம், சுத்தமாகத் தேய்த்துக் கழுவியது. பின்னால் முஞ்சியா. வாசலிலேயே நின்றாள்.

"அலுவலகத்துல இருந்து புதுப் பலகை வர மழைக்காலம் ஆகுமாம். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. உங்க பாதியையும் கழட்டுங்க."

கழற்றினேன். என் கொட்டகையில் ஓட்டை. அவள் அடுப்படியிலும் அதே அளவு ஓட்டை இருக்கும்.

"பெயிண்ட் வாங்கி வந்திருக்கேன். அழிஞ்ச எழுத்தையெல்லாம் நீங்கதான் தடிச்சு எழுதணும்."

"எழுதுறேன்."

"அதுக்குக் கீழே இடம் இருக்கு. அதுல என் வீட்டுக்காரர் பேரை எழுதுங்க. இங்கே செத்தாருன்னு எழுதுங்க." அவள் குரல் நடுங்கவில்லை. "யார் கழட்டினதுன்னும் எழுதுங்க. உங்க பேரு உங்களுக்கு நல்லா எழுத வருமே. ஊரெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க."

சுமினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தடுத்தேன்.

ஆகஸ்ட் 9

பலகையை நட்டோம். இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தவில்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி, அதன் வழியாகப் பள்ளம் தெரிகிறது. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது. கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் ஆனது. என் பெயர் மூன்று எழுத்து. கண்ணை மூடிக்கொண்டும் எழுதுவேன். இன்று தூரிகையை மூன்று முறை கீழே வைத்தேன்.

முஞ்சியா வந்து பார்த்தாள். எழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "இதுல எது அவர் பேரு?" என்றாள். காட்டினேன். ஈரப் பெயிண்ட் அவள் விரலில் ஒட்டியது. துடைத்துக்கொள்ளாமலே போனாள்.

ஆகஸ்ட் 12

மேட்டு வயலில் களை எடுத்தேன். அங்கிருந்து பலகை தெரியும். ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. பலகையைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி மேலே வருகிறார்கள். "என்ன எழுதியிருக்கு தார்யோ? படிச்சுக் காட்டு" என்கிறார்கள். நான் மண்வெட்டியை வைத்துவிட்டு அவர்களோடு இறங்கிப் போகிறேன். விரல் வைத்து, அவசரப்படாமல், முதல் வார்த்தையிலிருந்து படிக்கிறேன்.

இன்று நான்கு பேருக்குப் படித்தேன். ஒவ்வொரு முறையும் என் பெயர் வரை.